கூடை எண் 214

ஏழு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம்.
வெள்ளைப் பிரம்பு, நீலக் கோடு போட்ட மெத்தை,
இருவர் அமரலாம், நெருக்கினால் நால்வர்.
அம்ரூம் தீவில் கடற்கரைக் கதிரையைக்
கூடை என்றுதான் சொல்கிறார்கள்.
முதுகில் எண்: 214.

மூன்றாம் நாள் காலை
டிராக்டர் வந்து கூடைகளைப் பொறுக்கத் தொடங்கியது,
பிள்ளைகள் தூங்கியபின்
விளையாட்டுச் சாமான் பொறுக்கும் தாயின்
அவசரமில்லாத அலுப்போடு.
வானம் அப்போது கழுவிக் கவிழ்த்த பீங்கான்.
அலைகூடச் சோம்பலாய்த்தான் வந்தது.
ஒரு புயலை நம்புவதற்கு
ஒன்றுமே இருக்கவில்லை
கைபேசியைத் தவிர.

அத்திலாந்திக்கின் மறுகரையில் பிறந்து
வழியில் பாதி இளைத்து
மீதிப் பாதியோடு வருகிறதாம்.
பெயர் வேறு வைத்திருந்தார்கள்: ரோஸ்வித்தா.
"டீச்சர் மாதிரிப் பேர்," என்றான் அகரன்,
"சொன்ன நேரத்துக்கு வருவா."

மேற்கிலிருந்து வீசுவது கோடைக்காற்று என்று
எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது.
கோடை விடுமுறையைக் கோடையே வந்து குலைக்கிறது.
சொல்லிச் சிரிக்க ஆளில்லை.
நிலானிக்கு ஜெர்மனில் விளக்கினால் பகிடி செத்துப்போகும்.
குகநேசன் கப்பல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேமனில் பஸ் ஓட்டுகிறவர்.
மூன்று நிமிடம் பிந்தினால்
அன்றிரவு சோறு இறங்காது.
இரண்டு நாளும் கூடைக்குள்ளேயே இருந்தார்,
சப்பாத்தோடு.
"நாளைக்கு இறங்குவம்.
தண்ணி இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்."
வடகடல் யாருக்காகச் சூடாகியிருக்கிறது?

நாலரைக்குக் கடைசிக் கப்பல்.
பிறகு எப்போது ஓடும் என்று துறைமுகத்துக்கே தெரியாது.
பெட்டிக்குள் ஈரத் துவாய்கள், பாதி தின்ற பிஸ்கட்,
ஒரு பக்கமும் திறக்காத என் புத்தகம்.

கூடைக்காரி கெய்க்கே
ஐந்து நாள் காசைத் திருப்பித் தந்தாள்.
ஒப்பந்தத்தில் அப்படி இல்லையே என்றேன்.
"ஒப்பந்தத்தில் காற்றும் இல்லை," என்றாள்
சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி.
அவளுடைய கண் அதற்குள் அடுத்த கூடைக்குப் போய்விட்டது.
இன்னும் அறுபது ஏற்ற வேண்டும்.

மூன்று மணிக்கு எல்லாம் காரில்.
அவரைத் தவிர.

அம்ரூம் மணல் அகலமானது.
கடல் தெரியும், ஆனால் கிடைக்க நேரமெடுக்கும்.
அந்தத் தூரத்தில் ஒரு சாம்பல் நிறச் சட்டை
நடந்துகொண்டிருந்தது.
கூப்பிட்டேன். என் குரலை
முதல் காற்று கொண்டுபோய் வேறெங்கோ வைத்தது.

சப்பாத்துகளைக் கழற்றி ஒழுங்காக அடுக்கினார்,
யாரோ வீட்டு வாசலில் போல.
முழங்கால். இடுப்பு.
பிறகு காற்சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றோடும்
ஒரே முங்கு.
"அப்பாவுக்கு என்ன?" என்றாள் நிலானி.
கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனவள்
ஏனோ பிடிக்காமல் வைத்துவிட்டாள்.

நாலு இருபத்தாறுக்குக் கப்பலில் ஏறினோம்.
மேல்தட்டில் பல் கிடுகிடுக்க நின்றார்.
உதடு நாவற்பழம்.
"ஏன் இப்பிடி?"
"இரண்டு நாளா நாளைக்கு, நாளைக்கு எண்டு
சொல்லிக்கொண்டிருந்தனான்," என்றார்,
"அங்கால நாளை இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள்."
சிரித்தார். தும்மினார்.
அகரன் தன் சிவப்பு வாளியை மணலில் விட்டுவந்ததை
அப்போதுதான் கண்டுபிடித்து
தீவு மறையும்வரை அழுதான்.

புயல் எங்களுக்குப் பின்னால் வந்து
நள்ளிரவுக்கு மேல் பிரேமனில் பிடித்தது.
பால்கனிக் கயிற்றிலிருந்து காற்சட்டையை எடுக்கப் போனேன்.
"விடும்," என்றார் போர்வைக்குள்ளிருந்து,
"அது காயட்டும்."

இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தேன்.
உப்பேறிய இரண்டு கால்களும் ஊதிப் பருத்து
இருட்டை உதைத்து உதைத்து
வடக்கே நீந்திக்கொண்டிருந்தன.
ஒரு கிளிப்தான் பிடித்திருந்தது.