நூறு பேர் குறைந்தது

வெள்ளை பனியாரம் முன்னூறு,
ஆட்டுகரி இருபது கிலோ,
கோளி வேண்டாம் எண்று சொள்ளிட்டாங்க.

அடைக்கலம் அண்ணன் காலை ஐந்தேகாலுக்கு
'அடுப்படி' குழுவில் எழுதியது.
ஏழு பேர் இருக்கிறோம் அதில்.
ஆறு பேர் சமைப்பார்கள்.
நான் கணக்கு.
காரைக்குடியில் மூன்று வருடம் தமிழ் படித்துவிட்டு
கேஸ் சிலிண்டருக்கும் வாழை இலைக்கும்
ரசீது எழுதுகிறவள்.

பனியில் கோத்த ஆரம் முன்னூறு.
கரி இருபது கிலோ, அடுப்புக்கா இலைக்கா?
தனியாகச் சிரித்துக்கொண்டு
நட்சத்திரம் போட்டுத் திருத்துவேன்:
*பணியாரம்
*கறி
*கோழி
அவர் ஒரு கட்டைவிரலை அனுப்புவார்.
எந்தப் பந்தியிலும் இதுவரை
யார் இலையிலும் கரித்துண்டு விழுந்ததில்லை என்பதை
நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைக்கண்ணு தமிழை ஆங்கில எழுத்தில் போடுவான்.
அதற்கு இலக்கணம் எழுத இன்னும் ஆள் பிறக்கவில்லை.
தப்பித்தான்.

மாசி முழுக்க அடைக்கலம் அண்ணன் எழுதவே இல்லை.
குரலாக அனுப்பினார்.
பின்னால் அடுப்பு இரையும்,
யாரோ தேங்காய் உடைப்பார்கள்,
நடுவில் பணியாரம் என்பார்.
அதில் எத்தனை சுழி என்று
எந்தக் காதும் எண்ணவில்லை.
வெட்கப்பட்டுத்தான் வாய்க்கு மாறிட்டாரு என்று
சேவுகன் சொன்னபோது
"தப்பைத் தப்புன்னு சொல்றது தப்பா?" என்றேன்.
அவன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பங்குனியில் கானாடுகாத்தானில்
ஓர் அறுபதாம் கல்யாணம்.
பகலுக்கு இருநூற்றைம்பது.
மலேசியாவிலிருந்து வந்தவர்கள்
பிள்ளையார்பட்டி கும்பிட்டு
அப்படியே மதுரையில் விமானம் ஏறுகிறார்களாம்.
வீட்டுக்காரர் என்னிடம் சொல்ல,
நான் எழுதினேன், ஒற்று ஒன்றும் விடாமல்,
முற்றுப்புள்ளியோடு:

இரவு உணவிற்கு நூறு பேர் குறைந்தது.

இன்னொரு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.
ஆறு கட்டைவிரல்கள்.

நூறு பேர் கழிந்தார்கள் என்று நான்.
நூறு பேராவது வருவார்கள் என்று அவர்கள்.
நூற்றுப்பத்துக்கு இடியாப்பம் பிழிந்து வைத்திருக்க
நூற்றைம்பது பேர் இரண்டாம் கட்டில் உட்கார்ந்தார்கள்.

நாற்பது வெறும் இலை.
தண்ணீர் தெளித்துத் துடைத்த பச்சை.
ஒரு சின்னப் பையன்
ஊறுகாயை மட்டும் நக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது.
பேர் என்றால் குறைந்தனர்.
உயர்திணைக்கு அஃறிணை முடிவு கொடுத்திருக்கிறேன்.
முதல் பருவத்துப் பாடம்.
ஒரு 'னர்' போட்டிருந்தால்
நாற்பது இலை நிறைந்திருக்கும்.
எனக்கு நட்சத்திரம் போட
குழுவில் யாருமில்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கையில் போன் அதிர்ந்தது.
பதினைந்தடி தள்ளி அடுப்பின் முன்னால் நின்றபடி,
ஒரு மாதம் கழித்து,
அடைக்கலம் அண்ணன் எழுதியிருந்தார்:

கவளை படாத தாயி ரவா கின்டிட்டோம் பத்து நிமிசம்

பிழைகளை எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.
எண்ணினேன்.
எண்ணும்போதே 'கவளை'யில் கண் நின்றுவிட்டது.
கவலையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில்
யாரோ ஒரு கவளம் வைத்ததுபோல் இருந்தது
அந்த ளை.

ரசீதில் இன்றும் மூன்று சுழிப் பணியாரம்தான்.
அதில் பேரம் கிடையாது.
காசு கேட்கும் தாள் அது,
ஒரு சுழி குறைந்தாலும் தள்ளுபடி கேட்பார்கள்.

குழுவில் நேற்று அவர்:

நாளை பல்லத்தூர். 80 பேர் கொறஞ்சது.
கொறயல. ஆகக்கொறஞ்சது. புறியுதா

பல் முளைத்த ஊர்.
விரல் தானாக நட்சத்திரத்துக்குப் போனது.
எடுத்துவிட்டு எழுதினேன்:

புரியுது அண்ணே. எத்தனை பந்தி?

ரியைக் கொஞ்சம் அழுத்தித்தான் அடித்தேன்.