நாலரை இஞ்ச் சுவர்

புல்-அப் கம்பி மாட்ட
செல்லூர் வாடகை வீட்டுக்கு
டிரில்லோடு வந்தான் பிச்சைக்கனி.
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி
சுவரைத் தட்டிக் காது வைத்தான்.
"நாலரை இஞ்ச் சுவருண்ணே.
போல்ட்டே நாலு இஞ்ச்.
அந்தப் பக்கம் யாரு?"

ஜெசிந்தா டீச்சர்.
மூன்று வருடமாக அவர் மிக்ஸி தெரியும்,
இருமல் தெரியும்.
வீட்டுக்குள் இன்றுதான் போனேன்.
நான் பென்சிலில் புள்ளி வைத்த உயரத்தில்
அவர் கணவரின் படம்,
ஒற்றை ஆணியில், கொஞ்சம் சாய்ந்து.
துளை சரியாக நெஞ்சில் வந்திருக்கும்.
சொன்னேன்.
"ஏற்கனவே நெஞ்சுவலிலதான் போனாரு"
என்று சிரித்தார்.

தெருப்பக்கம் ஒன்பது இஞ்ச்.
முதலில் சாம்பல் தூள், பிறகு சிவப்பு.
"சிவப்பு வந்தா செங்கல். பிடிச்சுக்கும்."
மூன்றாவது துளையில்
சாம்பலே கொட்டிக்கொண்டிருந்தது.
சட்டத்தை இரண்டு விரல் நகர்த்தி
நாலையும் முதலிலிருந்து போட்டான்.
நான் முகம் சுளித்தேன்.
"தொங்கப்போறது நீங்கதானேண்ணே."

இன்றைக்கு நான் தொங்கக் கூடாதாம்.
இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை
மூன்று கட்டித் தொங்கவிட்டான்.
என் எடை எழுபத்தொன்றுதான் என்றேன்.
"மூட்டை உதறாது. ஆளு உதறுவான்.
இன்னொண்ணு வேணும்."
நாலாவதாக
டீச்சரின் ரேஷன் அரிசி வந்தது.

ராத்திரி விசைத்தறிச் சத்தம் அடங்கியபின்
கம்பியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
ஒரு மணி இருக்கும்.
நாலரை இஞ்சில் இரண்டு தட்டு.

"நிக்குதா தம்பி?"

"நிக்குது டீச்சர்."