பதினோரு சட்டைகள்

சாப்பாட்டு மேசையை மடக்கிச்
சுவரில் சாய்த்துவிட்டேன்.
தரையில் பழைய குளியலறைத் திரை,
அதன்மேல் அச்சகத்தில் மீந்த காகிதச் சுருள்,
முட்டை அட்டைக் குழிகளில்
மஞ்சள், பச்சை, நீலம்.
ரோஜா நிறம் மட்டும் தீர்ந்திருந்தது.
பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தேன்.
கௌனஸ் நகரத்தில் பீட்ரூட்டுக்கு
என்றைக்குப் பஞ்சம் வந்தது?

மேலங்கிதான் இல்லை.
கடையில் ஒன்று ஆறு யூரோ என்றார்கள்.
அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன்.
ஷரூனஸ் விட்டுப்போன சட்டைகள்.
எண்ணினால் பதினொன்று.
கோட்ரினாவைச் சேர்த்துக் குழந்தைகளும் பதினொன்று.
கணக்கு இப்படிப் பொருந்துவது
என் வாழ்க்கையில் அபூர்வம்.

முழங்கையோடு வெட்டினேன்.
முதல் சட்டையில் கத்தரிக்கோல் தயங்கியது.
இரண்டாவதிலிருந்து இல்லை.

சனிக்கிழமை. வாசலில்
இருபது குட்டிப் பூட்சுகள் உருகிக்கொண்டிருந்தன.
பொத்தான் முதுகில் வரும்படி
ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டேன்.
வங்கிக்குப் போட்டுப்போன வெள்ளைக்குள் யோகூபஸ்,
நாங்கள் கடல் பார்க்கப் போனபோது போட்ட
கோடுபோட்டதற்குள் லுக்னே,
சாம்பல் நிறத்துக்குள் கிப்ரஸ்,
அவனுக்கு அது கணுக்கால்வரை.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.
கைரேகை அரைமணி, உருளைக்கிழங்கு அச்சு அரைமணி,
பிறகு ஆளுக்கொரு சட்டகம்.
ஒன்பதாவது நிமிடத்தில் அது முடிந்துபோனது.
ஆட்டே ரோஜா நிறத்தை நக்கிப் பார்த்து
இன்னும் வேண்டும் என்றாள்.
யோகூபஸ் வரைந்தது குதிரையாம்,
கால்கள் பிறகு வருமாம்.
கிப்ரஸ் காகிதத்தைத் தொடவேயில்லை.
தன் இடது முழங்காலுக்குப் பச்சை அடித்து,
காயும்வரை ஊதி,
மறுபடி அடித்தான்.
அத்தனை பொறுமையாய் வேலை செய்த ஒருவரை
என் அலுவலகத்தில் நான் கண்டதில்லை.

ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.
நாலரைக்கே வந்து நின்றான் ஷரூனஸ்,
கையில் பெட்டி, தோளில் பனி.
அறை முழுக்க அவனுடைய சட்டைகள்
ஓடிக்கொண்டிருந்தன.
ஒன்று சோபாவிலிருந்து குதித்தது.
ஒன்று மூக்கைச் சிந்தியது.

"சாம்பல் நிறத்தைத்தான்
எங்கெல்லாமோ தேடினேன்" என்றான்.
நான் கேக் வெட்டும் கத்தியைத் தேடினேன்.

"யார் நீங்கள்?" என்றாள் லுக்னே.
கோட்ரினா தலை நிமிராமல் சொன்னாள்:
"அப்பா. ஆனால் இங்கே இல்லை."

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு.
பிறந்தநாள்காரியை நாற்காலியில் உட்காரவைத்து
வயதுக்கொரு முறை உயரத் தூக்க வேண்டும்.
ஒற்றை ஆளால் ஆகாது.
மூன்று இரவாய் நான் தூங்காதது
மேலங்கிக்காக அல்ல, இதற்காக.
மாடிவீட்டு ரிமாஸைக் கேட்பதாக இருந்தேன்,
அவருக்கு இடுப்புப் பிடிப்பு.

ஷரூனஸ் பெட்டியைக் கீழே வைத்தான்.
கோட்டைக் கழற்றவில்லை.
அவன் பக்கத்து இரண்டு கால்கள் அவனுக்கு,
என் பக்கத்து இரண்டு எனக்கு.
முகம் பார்க்கத் தேவையில்லாத தூரம்.
ஒன்று, இரண்டு என்று கூவினார்கள் குழந்தைகள்,
நாலுக்குப் பிறகு ஏழு என்றார்கள்.
அவளுக்கு ஐந்துதான்.
நாங்கள் இருவரும் திருத்தவில்லை,
எட்டும் ஒன்பதும்கூடத் தூக்கினோம்.
மேலே அவள் விளக்கைத் தொட்டுவிட்டாள்,
விளக்கில் நீலம்.

கேக் ஒரு துண்டு தின்றான். போனான்.

பெற்றோர்கள் வந்து
ஈரக் காகிதங்களைக்
கைக்குழந்தையைப் போல ஏந்திப் போனார்கள்.
கிப்ரஸ் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று
வாசலில் படுத்துவிட்டான்.
அவன் அம்மா கூச்சத்தோடு என்னைப் பார்க்க,
போகட்டும் என்றேன்.
கோட்டுக்குக் கீழே சாம்பல் வால் தொங்க
டிராலிபஸ் ஏறினான்.

இரவு பத்து மணி.
சலவை இயந்திரத்தின் கண்ணாடிக்குள்
நீலத் தண்ணீர் சுழல்கிறது.
கைபேசியில் ஷரூனஸ்:
திங்கட்கிழமை நேர்காணல் இருக்கிறது,
அந்தச் சாம்பல் சட்டை
துவைத்தால் தேறுமா?

எப்படிச் சொல்வது என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பிறகு தட்டினேன்:
கை இல்லை.
ஸவனோரியு சாலையில்
ஐந்து வயதுக்காரன் ஒருவன்
அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான்.