ஆச்சா?

எங்கள் வீடு தமிழ்நாட்டில்,
கக்கூஸ் கேரளாவில்.
வேலந்தாவளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
சிரித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.
அத்தா வாங்கிய நாலு சென்ட்
சர்வே கல்லைத் தாண்டியும் கொஞ்சம் நீண்டிருந்தது.
அந்தத் துண்டில் வேறென்ன கட்டுவது?

மூன்று பக்கம் ஹாலோபிளாக்.
பின்பக்கம் வருவதற்குள் காசு தீர்ந்து
தென்னந்தடுக்கு.
கதவு, தார் டின்னை வெட்டித் தட்டியது;
ஆணி பிடுங்கிய ஓட்டைகள் அதில் நிறைய.
தாழ்ப்பாளுக்குக் கயிற்று வளையம்.
உள்ளே இரண்டு மிதிகல்,
நீலப் பெயின்ட் டப்பா,
ஒரு தவளை.
விரட்டினால் போகாது.
அது பார்க்கப் பார்க்க உட்காரப் பழகவேண்டும்.

எட்டிப்பிடிக்கும் தூரத்தில் கள்ளுக்கடை.
குடித்துவிட்டு வருபவர்களுக்கு
எங்கள் தடுக்கை ஒட்டித்தான் குறுக்குவழி.
அதனால் கடை சாத்திய பிறகு,
இரண்டு பேராக.

மைமூன் உள்ளே.
நான் கல்லின்மேல்,
ஒரு கால் கோயமுத்தூர் ஜில்லா
ஒரு கால் பாலக்காடு.
டார்ச்சைத் தரையில்தான் அடிக்கவேண்டும்.
கதவில் அடித்தால்
ஓட்டை வழியாக அவள் முதுகெல்லாம்
புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுமாம்.
யாரோ தொடுகிற மாதிரி இருக்குமாம்.

"ஆச்சா?"
"இரு."

செக்போஸ்டில் நிற்கும் மாட்டு லாரிகளிலிருந்து
மூத்திரம் சொட்டுவது கேட்கும்.
கதவு கேட்காத ஜென்மங்கள்.

என் முறை வரும்போது
எனக்குப் பயம் என்று பேசிக்கொண்டே இருப்பாள்.
ஃபீமர், டிபியா, ஃபிபுலா.
அந்தப் பக்கத்துப் பெண்களின் பெயர்கள் என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.
கூரை ஓலையில் செருகியிருந்த மஞ்சப்பையை
பாம்புச் சட்டை, தொடாதே என்றாள்.
நான் தொடவில்லை.

பொள்ளாச்சி மண்டிக்காரர் வீட்டிலிருந்து
பெண் பார்க்க வந்தார்கள்.
மாப்பிள்ளையின் அம்மா
பலகாரம் தின்றபின் மெதுவாக விசாரித்தார்.
மைமூன்தான் குடை பிடித்துக் கூட்டிப்போனாள்.
திரும்பி வந்தவர் தவளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
தேதி வைத்துவிட்டுப் போனார்கள்.

தேதிக்கு ஆறு நாள் முன்பு.
"ஆச்சா?"
"இரு."
கொஞ்சம் கழித்து, "ஆச்சா?"
பதில் இல்லை.
முதல்முறையாகக் கதவில் டார்ச் அடித்தேன்.
புள்ளிகள் எந்த முதுகிலும் விழாமல்
உள்ளே நுழைந்து, பின்பக்கம் வெளியேறி
ராமன்குட்டி தோப்பின் தென்னைகளில் போய் நின்றன.

கொல்லைக் கதவைத் திறந்து அத்தா கத்தினார்,
என்னடி இவ்வளவு நேரம்.
"வயித்தால போகுதாம் அத்தா."
எட்டு வயதில் அதை எனக்கு
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
அவருக்குக் கேட்கவேண்டும் என்று
காலிக் கதவைப் பார்த்து
இன்னும் சத்தமாகக் கேட்டேன், ஆச்சா?
பதினேழு லாரிகள் கடந்தன.
பாலக்காட்டுக்குப் போகிற கடைசி பஸ்ஸும்.

மறுநாள் அடி.
அடுத்த வாரம் கடன் வாங்கி
நாலாவது சுவரை எழுப்பினார் அத்தா.
பூசக்கூட இல்லை.

எட்டு வருஷம் கழித்து சலாலாவிலிருந்து ஒரு போன்.
ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே,
சலாம்கூடச் சொல்லாமல்,
"அன்னிக்கு எத்தன நேரம்டி நின்னே?"
பாட்டரி தீர்ற வரைக்கும் என்றேன்.

பாட்டரி தீரவில்லை.
எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.
காவலுக்கு ஆளில்லாமல்
கயிற்று வளையத்தை எடுத்து உள்ளே போனேன்.
தடுக்கு ஓரம் பிரிந்து காற்றில் ஆடியது.
தவளை அதே இடத்தில்.
பெயின்ட் டப்பாவில் தண்ணீர்,
விளிம்புவரை.
எனக்கென்று நிரப்பி வைத்துவிட்டுத்தான்
போயிருக்கிறாள்.