மெய்க்குப் புள்ளி

சோஹார் துறைமுகம் தாண்டி
அலுமினிய ஆலைக்குத் திரும்பும் சாலையில்
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
வெளியே இரவு இரண்டு மணிக்கும் முப்பத்தேழு டிகிரி.
உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

விடிவதற்குள் முப்பத்தொரு கணினிகளுக்கு
நம்பிக்கை பொருத்தியாக வேண்டும்.
கணினி என்றா சொன்னேன்?
ஒரே இரும்புப் பெட்டிக்குள் முப்பத்தொரு பாவனைகள்.
மெய்நிகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
மெய் என்றால் தலையில் ஒரு புள்ளி வேண்டும்,
ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.
இவற்றுக்கு அது இல்லை.
புது விண்டோஸ் வாசலில் நின்றுகொண்டு
உள்ளே வர மறுக்கிறது:
உன் பாதுகாப்புச் சில்லு எங்கே?

சில்லு இல்லை. செய்துகொள்ளலாம்.
கட்டளை வரியில் இரண்டு கோடு, டிபிஎம்,
பின்னால் எமுலேட்டர்,
பதிப்பு இரண்டு புள்ளி சுழி.
சுழி சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான்.
என்டர்.

ஒரு மென்பொருள் எழுந்து
தன்னைச் சில்லு என்று சொல்லிக்கொள்கிறது.
பொய் என்று தள்ள முடியாது.
கையில் எடுத்துக் காட்டவும் முடியாது.
விண்டோஸ் கேட்கிறது, இது பதில் சொல்கிறது,
சாவியை விழுங்குகிறது, ஒப்பமிடுகிறது.
ஏறிவிட்டது.
என் பட்டத்துக்கு இதே ஒப்பம் வாங்க
சென்னை, டெல்லி, தூதரகம் என்று ஏழு வாரம் ஆயிற்று.
இப்போதும் அந்தத் தாளில்
முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் கனம்.

ஏழாவது மட்டும் முரண்டுபிடித்தது.
பழைய பெட்டியிலிருந்து வட்டை நகலெடுத்தேன்,
சில்லின் நினைவு இருந்த கோப்புறையை
அங்கேயே விட்டுவிட்டேன்.
நீலத் திரை சொன்னது:
உன்னை எனக்குத் தெரியவில்லை.
நாற்பத்தெட்டு இலக்கம் சொல்,
அதுவரை இப்படியே இருப்பேன்.
உள்ளே இருநூற்றுப் பதினான்கு பேரின்
இந்த மாதச் சம்பளம்.

தேடி எடுத்துவந்தேன் அந்தக் கோப்புறையை.
ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் பாதிகூட இல்லை அளவு.
வைத்ததும்
நேற்று விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கியது.
ஒரு கணினி தான்தான் என்பதற்கு
இவ்வளவு போதும்.

ஐந்து ஐம்பது.
கதவு மூன்று முறை கத்துகிறது.
வேல்மயில்.
தளத்துக்குக் கல் பதிக்கிறவர்.
சிமெண்டும் எபாக்ஸியும் பத்து வருடமாகத் தின்று
அவர் விரல்கள் கண்ணாடிபோல் ஆகிவிட்டன.
"மேடம், இன்னைக்கும் தெரியலைங்குது."
உள்ளிருந்து என் அட்டையை வைத்துத் திறக்கிறேன்.
வியர்வையோடு குளிருக்குள் வந்து
ஒரு நொடி நடுங்குகிறார்.
ரேகை விழாத நாளெல்லாம் விடுப்பாம்,
பதினொரு நாள் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள்.
பதித்த கல்லின் மேல்தான்
என் நாற்காலி உருள்கிறது.

இவருக்கு எந்த எமுலேட்டரைப் பின்னால் நிறுத்த?
பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.
இடது சுண்டுவிரல் மட்டும் பிடித்தது,
வேலை இன்னும் போய்ச் சேராத விரல்.
அதைப் பதிந்துவிட்டேன். நாளையிலிருந்து சரி.
"அந்தப் பதினொரு நாளு?"

ஏழாவது திறந்துதான் கிடக்கிறது.
சம்பளக் கோப்பு ஒரு கட்டளை தூரம்.
தொடவில்லை.
கதவின் பதிவேட்டைத் திறந்தேன்.
பதினொரு நாளும், ஐந்து ஐம்பதை ஒட்டி,
என் அட்டை உள்ளிருந்து ஒருமுறை திறந்திருக்கிறது.
நான் எங்கும் வெளியே போகவில்லை.

அச்செடுத்து நாஸர் அல் பலூஷியின் மேசையில் வைக்கிறேன்.
யாருக்காகத் திறந்தாய் என்று அவர் கேட்பார்.
கேட்கட்டும்.
அடியில் வேல்மயில் என்று எழுதி,
ல்-லுக்கு மேல் புள்ளியை அழுத்தி வைத்து,
நீல மையில் என் கையெழுத்து.