கொக்கி

கப்சாய் மோட்டாரின் முன்கொக்கி
அடியோடு முறிந்த மறுநாள்
மென்பொருளில் என் முதல் கோட்டை இழுத்தேன்.

நீலமாக இருக்கும்வரை கோடு நழுவும்.
தொட்டால் போதும், எங்கோ போய் நிற்கும்.
நீளம் சொல்லு, கோணம் சொல்லு,
எதை ஒட்டி நிற்கிறாய், அதையும் சொல்லு.
கறுத்துவிடும். பிறகு தள்ளினாலும் நகராது.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
காலை எட்டரைக்குக் காலுறையைக்கூடக் கழற்றாமல்
கோடுகளைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் இருக்கும் முளை ஆறு மில்லி.
என் துளையும் ஆறு.
திரையில் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.
அச்சில் வந்ததை வைத்து அழுத்தினால்
உள்ளே போவேனா என்கிறது.
"ஆறுக்குள்ள ஆறு எப்படிப் போகும்?"
கியாட் செங் வெர்னியரை என் பக்கம் தள்ளினான்.
ஆறு புள்ளி மூன்று என்று மாற்றினேன்.
அந்தப் புள்ளி மூன்றை யாரும் அச்சிட முடியாது.
அது வெறும் காற்று.

இரண்டாவதை நிற்கவைத்து அச்சிட்டேன்.
சந்தை முனையில் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது.
திரையில் என்றால் ஒரு விசை, பழையபடி ஆகிவிடும்;
ஜீன்ஸில் கொட்டிய தே ஐஸுக்கு விசை இல்லை.
மூன்றாவதைப் படுக்கப் போட்டேன்.

இன்று கொக்கியில் இரண்டு பொட்டலம்,
ஓரத்தில் முடிச்சிட்டு, உறிஞ்சுகுழல் செருகி.
பாலத்தின் நடுவே காற்று
விலாவில் இடித்துக்கொண்டே வருகிறது.
பொட்டலம் ஆடுகிறது, கொக்கி ஆடவில்லை.
இடதுபக்கக் கண்ணாடிதான் ஆடுகிறது,
பின்னால் வரும் லாரியை இரண்டாகக் காட்டி.
அதன் தண்டு எட்டு மில்லியா, பத்தா?
பிறையில் இறங்கியதும் அளக்கணும்.