அளவு

அட்டையில் மூன்றே வரிகள்:
பெயர், எதைக்கொண்டு வரைந்தது, அளவு.
ஏன் என்பதற்கு இடம் விடவில்லை.
என் கையெழுத்து குண்டுகுண்டாய் இருக்கிறதென்று
முப்பத்தொரு அட்டைகளையும்
என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டோங்காட்டில் ஜூன் மாதம்.
வெட்டுக்கு முன்னால் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்துவார்கள்.
கரிந்த தோகை பறந்துவந்து
ஊர்க் கொடிகளில் எல்லாம் இறங்கும்,
புழுப்போல் சுருண்டு, தொட்டால் மையாகி.
வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆலையைத் திட்டுவார்கள்.
யுரிஷா மட்டும் ஐஸ்கிரீம் டப்பாவோடு
கொடிக்குக் கொடி போய்ப் பொறுக்கினாள்.

ஏழாம் அட்டை. யுரிஷா பெருமாள்.
கரும்புச் சாம்பல், துணிக்கஞ்சி, தாள்.
அறுபதுக்கு நாற்பத்தைந்து.
இரவு ஷிஃப்ட் முடிந்த அவள் அம்மா
ஷூவைக்கூடக் கழற்றாமல்
கட்டிலில் குறுக்கே கிடக்கிறாள்.
வாயோரத்து நிழலை விரலாலேயே தேய்த்திருக்கிறாள்;
உற்றுப் பார்த்தால் ரேகை தெரியும்.
ரேகையை எந்த வரியில் எழுதுவது?

பன்னிரண்டு. நோக்வாண்டா ம்தேத்வா.
சேறு.
எந்தச் சேறு என்று கேட்டேன்.
"வீட்டுச் சேறுதான்" என்றாள்.
வெள்ளம் வந்துபோன வருஷம்
ஜன்னல் உயரத்துக்குச் சுவரில் நின்ற கோட்டைச்
சுரண்டி வைத்திருந்தாளாம், ஜாம் பாட்டிலில்.
தண்ணீர் வடிந்த காலையில்
அடுப்பு மேடையில் ஒரு கொக்கு,
ஒற்றைக் காலில், வாடகை கொடுத்தவன் மாதிரி.
படம் அதுதான்.
நான் நம்புகிறேன். குவஷன் நம்பவில்லை.

குவஷனுடையது நீலப் பேனா, நான்கு தீர்ந்தன.
தாளின் பின்பக்கம் கணக்குத் தேர்வு;
வெளிச்சத்தில் பிடித்தால்
குரங்கின் வயிற்றுக்குள் சிவப்பாய் இருபத்துமூன்று.
மாமரம் நிறையக் குரங்குகள்.
தலைவன் குரங்குக்கு, அவன் அப்பாவின் மீசை.
ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனவர்,
போனவர்தான்.
கேட்டால்,
"குரங்குக்கு மீசை இருக்காதா என்ன?" என்பான்.

கடைசியில் என்னுடையது, முப்பத்தொன்று.
ரூயிபோஸ் தேநீர், கிளினிக் அட்டைகள் பதினாறு.
செவ்வாய், வியாழன், சனி
அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாள்.
ஃபிளாஸ்க்கில் மிஞ்சிய தேநீரும் குச்சியுமாய்
கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து
கூரைமேல் வரும் அரிவாள்மூக்கன்களை வரைவேன்.
இங்கே அவற்றுக்கு ஹாடிடா என்று பெயர்;
கத்துகிறபடியே வைத்த பெயர்.
நான்கு நாட்களின் இறக்கை, ஐந்து நாட்களின் வால்.
ஒட்டவைத்தபோது ஒரே பறவையாய் வரவில்லை.
அப்படியே விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கென்று அட்டவணையில் போட்ட மின்வெட்டு
ஆறரைக்கே வந்துவிட்டது.
வந்தவர்கள் போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு
துண்டுதுண்டாய்ப் பார்த்தார்கள்.
ஒரு ஷூ. ஒரு மீசை. கொக்கின் முழங்கால்.
யுரிஷாவின் அம்மா சீருடையிலேயே வந்திருந்தாள்.
தன் வாயை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்தினாள்.
அங்கே கொஞ்சம் சாம்பல் உதிர்ந்திருந்தது;
வழக்கம்போல் குனியப் போனாள்,
யுரிஷா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா என் அட்டைகளை ஒவ்வொன்றாய் வாசித்தார்.
பறவையை அல்ல, தேதிகளை.
"இது ஊசி ஏறாத செவ்வாய்."
"இது மழை."
முடித்துவிட்டுக் கேட்டார்:
"இதுல நான் எங்கம்மா?"
"நீங்க உள்ள இருந்தீங்க அப்பா.
நான் வெளியதானே நின்னேன்."

ஒன்றும் சொல்லவில்லை.
போன் கைமாறியது;
வலக்கை ஓய்ந்துவிட்டது போல.
மறுபடி முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தார்,
இந்தமுறை மெதுவாக,
அலகிலிருந்து.

விளக்கு வந்தது. எல்லோரும் ஹா என்றார்கள்.
யாரோ சமோசாத் தட்டின் மூடியைத் திறந்தார்கள்.
முப்பத்தொன்றில்
அளவு எழுத மறந்திருந்தேன்.
டேப் யாரிடம் இருக்கிறதென்று
தேடிப் போனேன்.